இரண்டு காலும் நிலத்தில்

பந்து அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெயிலுக்குள் ஒரு கணம் காணாமலே போய்விட்டது. அணியை உற்சாகப்படுத்தப் பப்பரே ஊதிக்கொண்டிருந்த பெடியன்கள்கூட வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

பந்துக்குக் கீழே என் மகன் ஆதவன் நின்றான். வீட்டில் ஆதி. பள்ளிக்கூட ரக்பி அணியில் அவனுக்குக் கடைசிக் காவல். எல்லோரையும் தாண்டி வருகிறவனையும், எல்லோர் தலைக்கு மேலாலும் வருகிற பந்தையும் அவன்தான் பிடிக்க வேண்டும். பின்னுக்கு நகர்ந்தான், துள்ளினான், பந்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்தான்.

அப்போது எதிரணிப் பெடியன் ஒருவன் முழு வேகத்தில் ஓடிவந்து அவனை மோதி விழுத்தினான்.

ஈரமான அரிசி மூட்டையை லொறியிலிருந்து தள்ளிவிட்டால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். நான் இருந்த இடத்துக்கே கேட்டது. ஆதி வலது தோளின் மேல் விழுந்து கிடந்தான். எழும்பவில்லை.

நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கினார். அந்தப் பெடியன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். நான் படிகளில் செருப்பில்லாமல் இறங்கி ஓடிக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு எனக்குப் போதவில்லை.

கத்தரிக்கோல்

ஆஸ்பத்திரியில் ஜேர்சியைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. வெட்டிய துணியிலிருந்து புல்லும் வியர்வையும் கலந்த மணம் வந்தது. தாதி அதைக் குப்பைக்கூடையில் போடப் போனபோது வாங்கி என் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஆதி கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"அம்மா, அவனுக்கு ரெட் குடுத்திட்டினமோ?"

"ஓம். அப்பவே வெளியால போட்டிட்டினம்" என்றேன், அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

"ஐயோ" என்றான். "அது கிளீன் அம்மா."

ஊசி மருந்து கதைக்கிறது என்று நினைத்தேன். தலையைத் தடவிவிட்டேன்.

நாங்கள் ரக்பிக்கு வந்த கதை

எங்கள் வீட்டில் ஆரும் ரக்பி விளையாடியதில்லை. என் கணவர் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் கணக்காளர். மகன் கிரிக்கெட் விளையாடுவான் என்று நம்பித்தான் லீவில் வரும்போதெல்லாம் மட்டை வாங்கி வந்தார். கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் இன்னும் மூன்று மட்டைகள் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன.

ஆதிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் மூச்சு இழுப்பு இருந்தது. டொக்டர் ஓடச் சொன்னார். அப்போது அவனை ஓட இழுத்துக்கொண்டு போனவன் கீர்த்தனன். எங்கள் ஒழுங்கையில் எதிர் மாடி. பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். கீர்த்தி ரக்பிக்குப் போனான். இவனும் பின்னால் போனான். நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் வாகனம் இல்லாமல் இரண்டு பேரும் பெருந்தெருவான காலி வீதியால் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போவார்கள். இழுப்பு எப்போது விட்டுப்போனது என்று எங்களுக்கே தெரியவில்லை.

இந்த வருடம் கீர்த்திதான் அணித் தலைவன். சோறு எங்கள் வீட்டில், குளிப்பு அவர்கள் வீட்டில் என்று வளர்ந்த பிள்ளை.

சிவப்பு வட்டம்

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்த மோதலின் வீடியோ ஃபேஸ்புக்கில் வந்துவிட்டது. பார்வையாளர் பக்கத்திலிருந்து ஆரோ போனில் எடுத்தது. ஆதி துள்ளுவது தெரிகிறது. பிறகு முன்னால் ஒருவர் குடையை விரிக்கிறார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பிறகு மோதல். மோதலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

ரக்பியில் அந்தரத்தில் நிற்கிறவனைத் தொடக்கூடாது. கால் நிலத்தில் படும்வரை பொறுக்க வேண்டும். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்தவுடனே நானும் பெரிய சட்டம் தெரிந்தவள் மாதிரி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கீழே எழுதியிருந்தவற்றைச் சொல்லவே வேண்டாம். மோதியவன் திவாகர் என்ற பெடியன், துறைமுகப் பக்கத்துக் கொட்டாஞ்சேனை. அது தெரிந்ததும் எழுத்தின் தொனியே மாறியது. "கொட்டாஞ்சேனைச் சண்டியர் வேற என்ன செய்வினம்?" என்று எங்கள் தமிழ் ஆட்களே எழுதினார்கள்.

புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் என் அண்ணா சிவநேசன் அன்று மாலையே வந்தார். "விசாரணைக் குழு கூடுது. ஒரு வருசத்துக்கு அவன் மைதானத்தில கால் வைக்கக்கூடாது. நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் தலையாட்டினேன்.

ஊத்தை

மறுநாள் ஆதிக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"உப்பிடி எலும்பை முறிச்சவனை என்னெண்டடா கிளீன் எண்டு சொல்லுறாய்?"

"கடுமையா அடிக்கிறது வேற, ஊத்தை விளையாட்டு வேற அம்மா."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அவன் கஞ்சிக் கோப்பையை இடது கையால் தள்ளி வைத்தான். "நான் துள்ளினனான். பிடிச்சனான். கீழ வந்திட்டன். ரெண்டு காலும் நிலத்தில. குதிக்கால் புல்லுக்குள்ள புதைஞ்சது இப்பவும் தெரியுது. பிறகுதான் அடிபட்டது. முன்னால இருந்து, தோளுக்குக் கீழ, ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சவன். அவன்ர இடத்தில நான் எண்டாலும் அப்பிடித்தான் செய்வன். நான் பிழையா விழுந்தன், அவ்வளவுதான்."

"அப்ப ஊத்தை எண்டா என்ன?"

"ஆரும் பாக்காத இடத்தில, பந்துக்குச் சம்பந்தமில்லாமச் செய்யிறது."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான். அதற்குமேல் ஒரு வாய் கஞ்சியும் குடிக்கவில்லை.

எனக்கு வலைப்பந்து ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாட்களில் நானும் விளையாடியவள்தான். ஒருமுறை எதிரணிப் பிள்ளை ஒருத்தி பந்துக்குப் பாய்ந்து என் வாயில் மோதி, முன்பல்லில் பாதி போனது. அவள் இப்போது ரொறன்ரோவில். மாதம் ஒருமுறையாவது கதைப்போம், "பல் எப்பிடி?" என்றுதான் கதை தொடங்கும். வேறொருத்தி இருந்தாள். பந்தைப் பார்த்தபடியே, முகம் மாறாமல், என் இடுப்பை நகத்தால் கிள்ளுவாள். அவளுடைய பெயர் மறந்துபோச்சு. கிள்ளினது மறக்கவில்லை.

அடித்ததும் அடிபட்டதும்

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் சொல்லும் சாட்சியைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சிங்களத்தில் கேட்கும் கேள்வியைத் தமிழில் கேட்க வேண்டும். எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

தமிழில் "அடிபட்டது" என்று ஒரு சொல் இருக்கிறது. "தலையில அடிபட்டது ஐயா" என்பார் சாட்சி. அடித்தவர் ஆர் என்று அந்தச் சொல்லுக்குள் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவசரத்தில் அதை "அடித்தார்" என்று மாற்றிவிடுவார்கள். ஒரு சொல் மாற, ஒருவன் மறியல் சிறைக்குப் போய்விடுவான். சாட்சி சொல்லாத ஆளை நீ கொண்டுவந்து நிறுத்தாதே என்று நானே எத்தனை பேருக்குப் படிப்பித்திருக்கிறேன்.

இப்போது சாட்சி என் மகன். அடிபட்டது என்கிறான். நானும் அண்ணாவும் அதை அடித்தான் என்று மாற்றிக்கொண்டு போகப் பார்க்கிறோம்.

அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். "ஆதி சொல்லுறதை அவன் சொல்லட்டும். நீங்கள் வரவேண்டாம்."

"உனக்கு என்ன விசரோ?" என்றார். அடுத்த இரண்டு நாளும் என்னோடு கதைக்கவில்லை.

தோடம்பழம்

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு பெண், கையில் தோடம்பழப் பை. பின்னால் உயரமான ஒரு பெடியன்.

"நான் திவாகரோட அம்மாங்க. பேரு தேவி. புள்ளயப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

உள்ளே வரச் சொன்னேன். தேவி ஹட்டன் பக்கம் பிறந்தவர், கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். உடுப்புக் கடையில் வேலை. கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறார். கதிரையின் நுனியில்தான் இருந்தார்.

"நாளைய விசாரணையப் பத்திப் பேச வரலைங்க" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "அத அவங்க பாத்துக்குவாங்க. இவன் மூணு நாளா ஒழுங்கா சாப்புடல. நேர்ல பாத்தாத்தான் சாப்புடுவேன்னுட்டான்."

திவாகர் கட்டிலருகே நின்றான். அப்போதுதான் கவனித்தேன், அவனுடைய இடது கண் முழுவதும் ஊதிக் கறுத்து, வெண்விழியில் இரத்தம் கட்டியிருந்தது.

"வலிக்குதாடா?" என்று ஆதியைக் கேட்டான்.

"சிரிச்சா மட்டும்." பிறகு ஆதி அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "உன்ர கண்?"

"அது பரவால்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. ஏதோ இருவருக்கும் தெரிந்த ஒன்று. தேவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டொக்டர் ஒரு வாரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்னாரு. கேட்டா எப்புடி ஆச்சுன்னு சொல்ல மாட்டேங்குறான்."

அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து ஆதிக்கு முன்னால் இருந்தேன்.

"உன்னை விழுத்தேக்க அவன்ர கண்ணில அடிபடேல்ல. வீடியோவில நான் நூறு தரம் பாத்திட்டன். அது எப்ப நடந்தது?"

போர்வை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னான். பந்து நிலத்தில் கிடக்கும்போது இரண்டு அணியும் அதன்மேல் குவிந்து தள்ளுப்படுவார்கள். உடம்புகளுக்குக் கீழே என்ன நடக்கிறதென்று நடுவருக்குத் தெரியாது. முதல் பாதியில் அப்படி ஒரு குவியல். கீழே திவாகர். மேலே இருந்த ஒருவனுடைய விரல் அவன் கண்ணுக்குள் போனது.

"தற்செயலோ?"

"இல்லை அம்மா. தேடிப் போட்டவன். நான் பக்கத்தில நிண்டனான்."

"ஆர்?"

"கீர்த்தி."

எதிர் மாடியில் அவர்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொள்ளுப்பிட்டி

விசாரணை கொள்ளுப்பிட்டியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் முன்னாள் வீரர், உடைந்த மூக்கு. ஒரு பக்கம் திவாகரும் தேவியும். மறுபக்கம் நாங்கள், எங்கள் பொறுப்பாசிரியர், அணித் தலைவன் என்ற முறையில் கீர்த்தி.

முதல் பாதியில் திவாகர் கண்ணைப் பொத்திக்கொண்டு எழும்பியதைப் போட்டி நடுவர் கண்டிருந்தார். அவருடைய எண்ணம் இப்படி இருந்தது: முதல் பாதியில் கண்ணில் அடி வாங்கிய கோபத்தில்தான் திவாகர் பழிவாங்க ஓடிவந்தான், அந்தரத்தில் வைத்து அடித்தான்.

ஆதியைக் கேட்டார்கள். கையைத் தாங்கிய துணியோடு எழும்பி நின்றான்.

"மகே ககுல் தெகம பிம, சேர்" என்றான் சிங்களத்தில். என் இரண்டு காலும் நிலத்தில்.

"நிச்சயமாகவா? உன் எலும்பை முறித்தவன் இவன்."

"நிச்சயமாக. அது நல்ல டக்கிள், முறையாகப் பிடித்துத்தான் விழுத்தினான். சரியாக விழத் தெரியாதது என் பிழை."

உடைந்த மூக்குக்காரர் பேனையை வைத்துவிட்டு அவனை வடிவாகப் பார்த்தார். "அப்படியென்றால் இவனுடைய கண்? அதையும் பார்த்தாயா?"

கீர்த்தி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன்" என்றான் ஆதி. "அது வேண்டுமென்றே செய்தது. எங்கள் பக்கத்து ஆள். பெயரை நான் சொல்லமாட்டேன், சேர். அவரே வந்து சொல்லுவார்."

"சொல்லாவிட்டால்?"

"சொல்லுவார்."

கீர்த்தி எழும்பவில்லை.

சிவப்பு அட்டையை ரத்துச் செய்தார்கள். கண் விஷயத்துக்கு வெள்ளிக்கிழமைவரை பொறுப்பதாகச் சொன்னார்கள். படியில் இறங்கும்போது தேவி என் கையைப் பிடித்தார். பிடித்த கையை பஸ் தரிப்பிடம்வரை விடவில்லை.

ஒரு சொல்

அந்தக் கிழமை ஆதிக்கு நல்ல கிழமை இல்லை. அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். இடைவேளையில் அவனுடைய வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் ஆரும் இருக்கவில்லை. மேசையில் ஆரோ பேனையால் "துரோகி" என்று எழுதியிருந்தார்கள்.

அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வளர்ந்த இடத்தில், யுத்த நாட்களில், அந்தச் சொல்லை எழுதி மின்கம்பத்தில் தொங்கவிடுவார்கள். சொல்லுக்குக் கீழே ஒரு உடம்பு இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரியாமல் வளர்ந்தார்களே என்று நிம்மதியாகவும் இருந்தது.

"பேசாமப் பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றேன். "இல்லாட்டி ஒண்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம். இதென்ன ரெண்டும்கெட்டான் வேலை?"

"நான் சொன்னா அவன் பிடிபட்டவன் அம்மா. அவனே சொன்னா அவன் வேற ஆள்."

பதினெட்டு வயது. எங்கிருந்து இதையெல்லாம் எடுக்கிறான் என்று தெரியவில்லை. அப்போதும், கீர்த்தி சொல்லுவான் என்று நான் நம்பவில்லை. எதிர் மாடி ஜன்னல் ஐந்து நாளாகச் சாத்தியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபிறகு பொறுப்பாசிரியரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. கீர்த்தி தானாக வந்து சொல்லிவிட்டானாம். அழுதானாம். அந்தப் பருவம் முழுவதும் விளையாட முடியாது, தலைமையும் போய்விட்டது. "உங்கட மகன் சொன்னதை நான் நம்பேல்ல, மிஸிஸ்" என்றார் ஆசிரியர். "பெடியன் பெடியனை எங்களைவிட அறிஞ்சிருக்கிறான்."

ஆதியிடம் சொன்னேன். அறைக்குள் போனான். கதவுக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் தட்டவில்லை.

கடற்கரை

எலும்பு பொருந்தியது. திவாகரின் கண்ணும் மெல்ல மெல்லத் தெளிந்தது. தேவி ஒவ்வொரு முறை டொக்டரிடம் போய்வந்ததும் எனக்குப் போன் எடுப்பார். ஆனால் கீர்த்தியும் ஆதியும் கதைக்கவில்லை. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் ஒருவன் போனைப் பார்ப்பான், மற்றவன் வானத்தைப் பார்ப்பான். இரண்டு தாய்மாரும் பிள்ளைகளைப்போலவே நடந்துகொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை கதவு தட்டுப்பட்டது. கீர்த்தி. மெலிந்திருந்தான். கையில் ரக்பிப் பந்து.

"ஆன்ட்டி, ஆதி நிக்கிறானோ? டொக்டர் பந்து பிடிக்கலாம் எண்டு சொல்லியிருக்கிறாராம்..."

ஆதி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வெளியே வந்தான். செருப்பைப் போட்டான். "பீச்சுக்குப் போறம். திவாகரையும் நேற்றே அங்க வரச் சொன்னனான்" என்றான். "பரவாயில்லையோ?"

கீர்த்தி பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். "வரட்டும்" என்றான்.

நானும் பின்னால் போனேன், வேண்டாம் என்று ஆரும் சொல்லவில்லை. தண்டவாளத்தைக் கடந்தால் வெள்ளவத்தைக் கடற்கரை. மணல் கொஞ்சம், கல் கூட. தேவியும் வந்திருந்தார், பையில் சுடச்சுட இறால் வடையோடு. நாங்கள் ஒரு கல்லில் இருந்தோம். ரயில் ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது.

திவாகர் நீர்க்கரையிலிருந்து நடந்து வந்தான். கீர்த்தி அவனுக்கு முன்னால் போய் நின்றான். தேவியின் கையில் வடை அப்படியே நின்றது. மூன்று பேரில் இவன்கள் இரண்டு பேரும்தான் உயரம், பலம். இங்கே நடுவரும் இல்லை.

"கண் இப்ப எப்பிடியடா?" என்றான் கீர்த்தி.

திவாகர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, காயம்பட்ட இடது கண்ணால் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்லாத் தெரியுதுடா" என்றான். "ஒம் மூஞ்சிகூடத் தெளிவாத் தெரியுது. அதான் இப்பக் கஷ்டம்."

முதலில் வெடித்துச் சிரித்தது தேவிதான்.